‘வெயிட்டைக் குறைங்க’ என்று சொன்ன பிறகு



மருத்துவர்களும் பொதுமக்களும் கலந்திருக்கும் அவை இது, இரு தரப்புக்கும் பொதுவான ஒரு பொருளைப் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். உடல் பருமனைவிடப் பொதுவான பொருள் எனக்குத் தோன்றவில்லை. (முன்வரிசையில் இருக்கும் மருத்துவ நண்பர்கள் கோட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டாம். நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) அதிலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். எடை அதிகமுள்ள ஒருவர் வேறு ஏதோ உபாதைக்காக நம்மிடம் வருகிறார். அவருடைய எடையைப் பற்றி நாம் பேசலாமா? பேசினால் எப்படிப் பேசுவது?

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2015-16 சுற்றில், தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் என்று தெரியவந்தது. அடுத்த சுற்றான 2019-21இல் அது 40.4 ஆனது. ஆண்களில் 28.2 விழுக்காடாக இருந்தது 37 ஆனது. இந்தக் கணக்கும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 25 என்ற உலக அளவுகோலை வைத்துப் போட்டது. இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தொட்டால் பருமன் என்று 2009இல் நம் நாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்தார்கள். அதன்படி பார்த்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும். நம்மவர்களுக்கு ஏன் தனி அளவு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் பேராசிரியர் யுட்கினும் சேர்ந்து எடுத்த ஒரு படம் 2004இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றுதான், 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. எடை மெஷினில் ஒன்றாக நின்றவர்கள், கொழுப்புக் கணக்கில் எங்கெங்கோ நிற்கிறார்கள். ஆகவேதான் நம் நாட்டில் இடுப்புச் சுற்றளவையும் பார்க்கச் சொல்கிறோம். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.

சரி, இத்தனை பேர் வருகிற நம் ஓ.பி.யில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. மூட்டு வலிக்கு மாத்திரை, பி.பி.க்கு மாத்திரை, அடுத்த டோக்கன். சில சமயம் சீட்டை நீட்டும்போது போகிற போக்கில் ஒரு வாக்கியம்: “வெயிட்டைக் குறைங்கம்மா.” இன்னும் சில சமயம், சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, “இவ்வளவு உடம்பை வச்சுக்கிட்டு முட்டி வலிக்காம எப்படி இருக்கும்?” என்று வரிசையில் நிற்கிற எல்லோர் காதிலும் விழும்படி ஒரு கேள்வி.

வாய் திறக்காத மருத்துவர்களைக் கேட்டால் மூன்று காரணம் சொல்வார்கள். நேரமில்லை, அவர் மனம் புண்படும், சொல்லியும் பயனில்லை. நேரமில்லை என்பது முழு உண்மை. உலக நாடுகளில் பொது மருத்துவர்கள் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரத்தைத் தொகுத்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. சுவீடனில் இருபது நிமிடத்துக்கு மேல், இந்தியாவில் இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டுகிறது. மற்ற இரண்டு காரணங்கள் நிற்குமா என்பதைத்தான் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பால் ஏவ்யார்டும் அவர் குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். 2016இல் ‘லான்செட்’டில் வந்த அந்த ஆய்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இன்று நான் பேச வந்ததன் பாதி அதில் இருக்கிறது.

இங்கிலாந்தில் 137 குடும்ப மருத்துவர்கள். அவர்களிடம் வேறு எதற்காகவோ வந்த, உடல் பருமன் உள்ள 1,882 பேர். எடையைக் குறைக்க வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் யாருமில்லை. வந்த காரியம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் மருத்துவர் அரை நிமிடம் பேசுகிறார். ஒரு பாதியினரிடம், எடை குறைந்தால் உங்கள் உடம்புக்கு நல்லது என்று மட்டும் சொல்கிறார். நாம் சொல்வதைவிடக் கனிவாகத்தான். மறுபாதியினரிடம், எடை குறைப்பதற்கு இலவசமாகப் பன்னிரண்டு வார வகுப்பு இருக்கிறது, அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்கிறார். சரி என்றால் அப்போதே, அந்தக் கட்டடத்திலேயே, பெயரைப் பதிந்து தேதி வாங்கிக் கொடுக்கிறார்கள். நான்கு வாரம் கழித்து வந்து பார்க்கவும் சொல்கிறார்.

இரண்டாம் பாதியில் 77 விழுக்காட்டினர் சரி என்றார்கள். 40 விழுக்காட்டினர் உண்மையிலேயே வகுப்புக்குப் போனார்கள். அறிவுரை மட்டும் கேட்டவர்களில் அப்படிப் போனவர்கள் 9 விழுக்காடு. ஓராண்டு கழித்து எடை பார்த்தபோது, அறிவுரைக் கூட்டம் சராசரியாக 1.04 கிலோ குறைந்திருந்தது. உதவிக் கூட்டம் 2.43 கிலோ. ‘இவ்வளவுதானா?’ என்று ஒரு மாணவர் முகம் கேட்கிறது. அரை நிமிடப் பேச்சுக்கு இவ்வளவு, தம்பி. அதுவும் கேட்டு வராதவர்களிடம், வகுப்புக்கே போகாதவர்களையும் சேர்த்த சராசரி இது.

மனம் புண்படுமே என்ற கவலைக்கும் அங்கே பதில் கிடைத்தது. ஐந்தில் நான்கு பேர் மருத்துவர் பேசியது முறையானது, உதவியானது என்றார்கள். முறையற்றது, உதவாதது என்று சொன்னவர்கள் ஆயிரத்தில் இருவர்தான். நாம் அஞ்சிக்கொண்டிருக்கும் கோபம் எங்கே இருக்கிறதென்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஆய்வின்போது நடந்த உரையாடல்களில் 246ஐப் பிற்பாடு அதே குழுவைச் சேர்ந்தவர்கள் சொல் சொல்லாகக் கேட்டு ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். மருத்துவர்கள் எல்லோருக்கும் பயிற்சி ஒன்றுதான். ஆனாலும் சிலர் பருமனால் வரும் கேடுகளில் தொடங்கினார்கள். சிலர் விறைப்பாக, படிவம் நிரப்புவது போல் பேசினார்கள். கொஞ்சம் பேர் மட்டும் நல்ல சேதி கொண்டுவந்தவர் போல, ‘உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது’ என்ற தொனியில் பேசினார்கள். நல்ல சேதி கேட்டவர்களில் 83 விழுக்காட்டினர் வகுப்புக்குப் போனார்கள். மற்ற இரு வகையினரிடம் அது பாதியைக்கூடத் தாண்டவில்லை. எடையும் நல்ல சேதி கேட்டவர்களுக்கே கூடுதலாகக் குறைந்தது. பயமுறுத்தினால்தான் கேட்பார்கள் என்று நம் வார்டுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்கு இங்கே ஆதாரம் இல்லை.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் பார்க்கும் பல பெண்களைச் சேர்த்து ஒருவராக்கிச் சொல்கிறேன். நாற்பத்தாறு வயது. எடை 84 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர், உடல் நிறை எண் 36ஐத் தாண்டுகிறது. முழங்கால் வலிக்காக வந்திருக்கிறார். வலியைக் கேட்டு, காலைத் தொட்டுப் பார்த்து, மருந்தும் எழுதியாயிற்று. இந்த வரிசை முக்கியம். வந்த காரியத்தைக் கவனிக்காமல் எடைக்குப் போனால், வலியைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றுதான் அவர் நினைப்பார். அது நியாயமும்கூட. அதன் பிறகு:

“அம்மா, உங்க எடையைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசலாமா?”

“பேசுங்க சார். எல்லாரும் சொல்றதுதானே. ஆனா நான் சாப்பிடறதே கொஞ்சம். தண்ணி குடிச்சாலே உடம்பு போடுது.”

“சரிம்மா. இதுக்கு முன்னால குறைக்க முயற்சி பண்ணியிருக்கீங்களா?”

“பண்ணினேன் சார். போன வருஷம் ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினேன். ஆறு கிலோ குறைஞ்சுது. தம்பி கல்யாணம் வந்துச்சு, திரும்ப ஏறிடுச்சு.”

“ஆறு கிலோ குறைச்சீங்களா? அப்ப உங்களால முடியும். இப்ப நாலு கிலோ போதும். ஒரு கிலோ குறைஞ்சா, நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழுற பாரம் நாலு கிலோ குறையும். எதுல ஆரம்பிக்கலாம், நீங்களே சொல்லுங்க.”

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். ஊக்கமூட்டும் நேர்காணல் என்று வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த முறையின் சாரம் அதில் இருக்கிறது. மாறுவதற்கான காரணத்தை நாம் சொன்னால் அவர் ‘ஆனா’ என்று தொடங்குவார். அவரே சொன்னால் ‘ஆனா’ வராது. மது அடிமைகளுக்கான சிகிச்சையில் பிறந்த முறை இது. மில்லரின் முதல் கட்டுரை 1983இல் வந்தது. நாலு கிலோ என்பதும் வாய்க்கு வந்த கணக்கு அல்ல. உடல் எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தாலே சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரியும். ‘அறுபதுக்கு வாங்க’ என்று 84 கிலோ இருப்பவரிடம் சொல்வது, வராதீர்கள் என்று சொல்வதுதான்.

‘தண்ணி குடிச்சாலே உடம்பு போடுது’ என்றதும் நம்மில் பலருக்கு உதட்டோரம் சிரிப்பு வரும். அவர் உடம்பு அவருக்கு எதிராக வேலை செய்வது மெய். டென்மார்க்கில் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை அல்பர்ட் ஸ்டங்கார்டு ஆராய்ந்து 1986இல் எழுதினார். அவர்களின் உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. 2011இல் மெல்பர்னில் ஐம்பது பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடை குறைத்தார்கள். ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஏறியே இருந்தன, பசி அடக்கும் ஹார்மோன்கள் இறங்கியே இருந்தன. இழந்த எடையை மீட்க உடம்பு ஓராண்டாகப் போராடுகிறது. அந்த அம்மாவுக்கு ஆறு கிலோ திரும்பியதற்குக் கல்யாணப் பந்தியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இதை அவரிடம் நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “திரும்ப ஏறினது உங்க தப்பில்லம்மா” என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கண் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உணவைப் பற்றிச் சொல்லும்போது நாம் பொத்தாம்பொதுவாகப் பேசிவிடுகிறோம். ‘எண்ணெய், இனிப்பைக் குறைங்க, நைட்டு சப்பாத்தி சாப்பிடுங்க.’ இந்தச் சப்பாத்தி அறிவுரை தமிழ்நாட்டில் எப்படியோ வேதவாக்காகிவிட்டது. வீட்டில் நடப்பது என்ன? எண்ணெய் விட்டுச் சுட்ட நான்கு சப்பாத்தி, தேங்காய் அரைத்த குருமா. இரண்டு கரண்டி சோறும் ரசமும் கீரைக் கூட்டும் சாப்பிட்டிருந்தால் அதைவிடக் குறைவாகவே உள்ளே போயிருக்கும். சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி என்று மாறியவர்கள் தாராளமாகவே போட்டுக்கொள்கிறார்கள்; நல்லதாயிற்றே! நான் கேட்கும் கேள்விகள் சின்னவை. ஒரு நாளைக்கு எத்தனை டீ, எத்தனை ஸ்பூன்? நான்கு டீ, ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாற்பது கிராம் சீனி, 160 கலோரி. வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய்? தலைக்கு மாதம் அரை லிட்டர் என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. பெண்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று உண்டு: பிள்ளைகள் தட்டில் மீந்ததை யார் சாப்பிடுவது? வீணாகப் போகிறதே என்று வாயில் போட்டுக்கொள்ளும் அந்த அரை தோசையும் கால் கரண்டிச் சோறும் ‘நான் சாப்பிடறதே கொஞ்சம்’ என்ற கணக்கில் வருவதே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அதை அவர் சாப்பாடாகவே நினைக்கவில்லை.

ஆண் நோயாளி என்றால் கதை வேறு. அறிவுரை முழுவதையும் பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் சொல்லி அனுப்பிவிடுகிறோம். சாயங்காலம் டீக்கடை வாசலில் பஜ்ஜி தின்பவர் அவர். கேட்க வேண்டியவரும் அவர்தான்.

எந்த வெளிநாட்டுப் பாடநூலிலும் இல்லாத ஒரு சிக்கல் நம் ஊரில் இருக்கிறது. நன்றாக முயன்று ஐந்து கிலோ குறைத்துவிட்டார் என்று வையுங்கள். முதலில் பார்க்கும் சொந்தக்காரர் கேட்பார்: “என்னடி இப்படி இளைச்சுப் போயிட்ட? சுகரா?” இரண்டாமவர், வீட்டில் ஏதும் கவலையா என்பார். பூசினாற்போல இருப்பதை வளமாகவும், மெலிவதை நோயாகவும் பார்த்துப் பழகிய சமூகம் நம்முடையது. பாராட்டு கிடைக்கும் என்று காத்திருந்தவருக்குத் துக்க விசாரிப்பு கிடைக்கிறது. அடுத்த வாரமே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு. ஆகவே, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: “அப்படிக் கேப்பாங்கம்மா. டாக்டர் சொல்லித்தான் குறைக்கிறேன்னு சொல்லுங்க.” நம் பெயரைக் கேடயமாகக் கொடுப்பதில் நமக்கு நட்டமில்லை.

எடை இறங்கவில்லை என்றாலும் கைவிட வேண்டாம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் கலந்துகொண்டார்கள். மூன்றாண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் சொல்லி, குழுவினர் விடாமல் தொடர்புகொண்டவர்களில் அது 39.3. வியப்பு என்னவென்றால், அந்தக் குழுவின் எடை குறையவே இல்லை. மெஷின் முள் அசையவில்லை என்று முகம் வாடி வருபவரிடம் இந்த ஆய்வைச் சொல்வது என் வழக்கம்.

மருத்துவர் தம் சீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு வகை மாத்திரைகள், ஸ்டீராய்டு, ஓலன்சபின், வால்புரோவேட், அமிட்ரிப்டிலின் எல்லாம் எடையை ஏற்றக்கூடியவை. நாமே ஏற்றிவிட்டு நோயாளியைக் கடிந்துகொள்வது அழகல்ல. தாமாக நிறுத்தச் சொல்லவில்லை; மாற்று உண்டா என்று பார்ப்பது நம் வேலை. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடையைத் தேட வேண்டும்; தைராய்டு பார்க்க வேண்டும்.

இப்போது எல்லோரும் கேட்பது ஊசி. செமாகுளுடைடு 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடையைக் குறைத்ததை 2021இல் கண்டார்கள். டிர்செபடைடு அதையும் தாண்டியது. 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தது. மருத்துவ வரலாற்றில் இது பெரிய திருப்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பி.பி. மாத்திரை போலத் தொடர்ந்து போட வேண்டியது என்பதையும் செலவையும் முதல் நாளே சொல்லிவிட்டு எழுதுங்கள். மகள் கல்யாணத்துக்குள் குறைய வேண்டும் என்று வருபவருக்கு எழுதாதீர்கள்.

அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எடை மெஷின் எங்கே இருக்கிறது? பல இடங்களில் பதிவு மேசைக்குப் பக்கத்தில், கூட்டத்தின் நடுவில். சீட்டெழுதுபவருக்குக் கேட்க வேண்டுமே என்று ஊழியர் “எண்பத்தி நாலு!” என்று குரல் கொடுக்கிறார். வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. அடுத்த முறை அந்த அம்மா மெஷினில் ஏற மாட்டார். சில சமயம் மருத்துவமனைக்கே வர மாட்டார். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாகக் காட்டியது. தடித்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டி, இல்லாத பி.பி.க்கு நாம் மாத்திரை எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.

இங்கிலாந்து மருத்துவருக்கு அனுப்பி வைக்க ஓர் இலவச வகுப்பு இருந்தது, நமக்கு எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்த அளவுக்கு இல்லை. வேறு சில இருக்கின்றன. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குபவர் மாதம் தவறாமல் வருகிறார். மறுமுறை வரவைப்பதுதான் எந்த எடைக் குறைப்புத் திட்டத்துக்கும் கடினமான பகுதி. அது நமக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. வர முடியாதவர்களின் வீட்டு வாசலுக்கு 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள் போகிறார்கள். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். சமையலறை வரை சென்று பேசக்கூடியவர்கள். பி.பி. பார்க்கும் கையோடு இடுப்பளவும் எடுத்து, போன மாதம் பேசிய ஒரே ஒரு மாற்றம் நடந்ததா என்று கேட்க அவர்களைப் பழக்கினால் போதும். மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை 2023இல் குறிக்கப்பட்டது. உங்கள் ஊரில் அது எங்கே தொடங்குகிறது என்று எத்தனை மருத்துவர்களுக்குத் தெரியும்? நோயாளியிடம் ‘நடங்க’ என்று சொல்வதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவமனைப் பொறுப்பாளர்களிடம் மூன்று வேண்டுகோள். எடை மெஷினை ஒரு திரைக்குப் பின்னால் வையுங்கள். அது இருநூறு கிலோ வரை காட்டட்டும். ஓ.பி.க்கு ஒரு பெரிய பி.பி. பட்டையும், கைப்பிடி இல்லாத அகல நாற்காலி ஒன்றும் வாங்கிப் போடுங்கள். தொற்றா நோய்ப் பிரிவின் செவிலியர் ஒருவருக்கு வாரம் ஒரு பிற்பகலை இதற்கென்றே ஒதுக்குங்கள். அப்போதுதான் மருத்துவர் ‘அனுப்பி வைக்கட்டுமா?’ என்று கேட்கும்போது அனுப்ப ஓர் இடம் இருக்கும். பயிற்சி மருத்துவர்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. நாளை காலை ஓ.பி.யில் ஒரே ஒருவரிடம் அனுமதி கேட்டுப் பேசுங்கள். அடுத்த மாதம் அவர் வர வேண்டிய தேதியை அவர் சீட்டிலேயே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.